வயிற்றெரிச்சலோடு பலகை பிடித்த காலம்

ஆணி அடிக்கும் ஏர் கன்னை முதல்முறையாகக் கையில் வாங்கப் போகும் தம்பி, தங்கைகளே, அதை எப்படிப் பிடிப்பது, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் காட்டிக்கொடுத்துவிடுவார். பெட்டியோடு வரும் புத்தகத்திலும் படம் போட்டிருக்கும். ஆனால் கன் கிடைக்காதவனுக்கு வயிறு எப்படி எரியும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது. அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் நான் சொல்லப்போகிறேன். ஓசூர் பக்கத்தில் இந்த விஷயத்தில் என்னைவிட அனுபவசாலி யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவர்மேலும் பொறாமைப்பட்டுவிட்டுப் போகிறேன்.

நான் பாரூர்க்காரன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஓசூரில் நாலு பக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது, ஒரு பேக்கிங் பெட்டிப் பட்டறையில் சேர்ந்தேன். தொழிற்சாலைகளில் செய்யும் மெஷின்கள் எங்கள் மரப்பெட்டிக்குள் ஏறி மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும். அப்போது எல்லாம் சுத்தியல்தான். வாயில் ஒரு பிடி ஆணியைப் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தலைகீழாகாமல் வெளியே தள்ளி, ஒரு தட்டில் நிறுத்தி, இரண்டு அடியில் இறக்குவேன். லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர்கள் டீ கிளாஸோடு என் பக்கம் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எனக்குப் பலகை பிடித்தவன் முனிராஜ். கெலமங்கலம் பக்கத்துப் பையன், வீட்டில் தெலுங்கு பேசுவான், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். "ணா, ணா" என்று என் பின்னாலேயே சுற்றுவான். அவன் மேல் எனக்கு அப்போது எந்த வருத்தமும் இல்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் பெங்களூரிலிருந்து ஒரு டெம்போவில் கம்ப்ரஸரும் கன்னும் வந்து இறங்கின. பச்சை நிற கன், கைப்பிடியில் கறுப்பு ரப்பர். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போதே அது என்னுடையது என்று எனக்குத் தெரியும். பட்டறையில் முதல் சுத்தியல் நான்தானே, வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். அவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "ஏலே முனிராஜு, இங்க வா" என்றார்.

"சார், நானு..." என்றேன்.

"ஒம்ம கை சுத்தியலுக்குப் பழகுன கை வே. அதுல அடிச்ச மாதிரியே இதுலயும் ஓங்கி அடிப்பீரு. அவன் கை புதுசு, சொன்னபடி கேக்கும். நீரு பலகையப் பிடியும்."

அன்றைக்கு அவர் சொன்னது சரிதானா தப்பா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தீரவில்லை. நேற்றுவரை எனக்குப் பலகை பிடித்தவனுக்கு நான் பலகை பிடிக்கிறேன். டீ வந்தால் அவனுக்குத்தான் முதல் கிளாஸ். லாரி டிரைவர்கள் இப்போது அவன் பக்கம் போய் நின்றார்கள். அவர்கள் கேட்பதும் "கன்காரரு இருக்காரா?" என்றுதான். அவன் புதிதாக ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினான், கண்ணில் சிராய் பறக்காமல் இருக்க என்று சொன்னான். நல்ல காரணம்தான், ஆனால் அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவான். பொறுக்கவே முடியவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? முதல் வாரமே புகாரை ஆரம்பித்தேன். சத்தம் காதைப் பிளக்கிறது என்றேன். அது உண்மை, எல்லாருக்கும் பஞ்சு கொடுத்தார்கள். கன் அடித்த ஆணி பிடிப்பு இல்லை என்று ஒரு பலகையைப் பிடுங்கிக் காட்டினேன். அது பிடுங்க வராமல் என் முட்டிதான் பெயர்ந்தது. கரண்ட் பில் ஏறும், மெட்ராஸ் போவதற்குள் பெட்டி வாய்பிளக்கும், கம்ப்ரஸர் சூட்டில் ஷெட்டு பற்றிக்கொள்ளும். கன் வந்ததால் மழை பெய்யவில்லை என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் வாயைத் திறந்தாலே பட்டறையில் ஒரு சிரிப்பு ஓடும்.

இதில் ஒரு லாபம் இருந்தது. என் கண் அந்த கன்னைவிட்டு எடுபடவே இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளியின் வயலில் எப்போது பூச்சி விழுந்தது, எப்போது தண்ணீர் பாய்ந்தது என்று அவனைவிட நமக்குத்தானே நன்றாகத் தெரியும்? அப்படித்தான். கன் என் கைக்கு வராமலே அதைப் பற்றி எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆணியின் தலை பலகைக்கு மேலே எழும்பி நின்றால் முனிராஜ் நேராகக் கம்ப்ரஸருக்குப் போய்க் காற்றைக் கூட்டிவிடுவான். அது தப்பு. கன்னின் மூக்குக்குப் பக்கத்தில் ஆழத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, காற்றைக் கழற்றிவிட்டு அதைத்தான் திருக வேண்டும். காற்றைக் கூட்டினால் ஆணி கணுவில் பட்டு வளைந்து பலகையின் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். பலகை பிடிக்கிறவன் கை ஒரு ஜாண் தள்ளி இல்லாவிட்டால் அந்த ஆணி அவன் விரலைத்தான் தேடி வரும். சுத்தியல்காரர்களாகிய எங்களுக்கு ஆணிக்குப் பக்கத்திலேயே விரலை வைத்துப் பழக்கம். இந்தப் பழக்கத்தை விடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். விடுமுறைக்குள் ஒரு பெரிய லோடு மெட்ராஸுக்குப் போயாக வேண்டும். அந்தத் தடவை வந்தது பச்சை நீலகிரி மரம், ஈரமும் பிசினுமாக இருந்தது. கன்னின் மூக்கு நுனியில் ஒரு கம்பி நாக்கு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மூக்கை மரத்தில் அழுத்தினால்தான் அது உள்ளே போகும், அது உள்ளே போனால்தான் விசை வேலை செய்யும். சும்மா கையில் வைத்துக்கொண்டு விசையை இழுத்தால் ஒன்றும் ஆகாது. ஆணி தவறிப் பறக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. பிசினும் மரத்தூளும் சேர்ந்து அந்த நாக்கு இறுகிப்போனது. ஒவ்வொரு ஆணிக்கும் முனிராஜ் உடம்பைச் சாய்த்து அழுத்த வேண்டியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், நாக்கை உள்ளே தள்ளி, கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றி வைத்திருக்கிறான். அன்றைக்கு அவன் வேலை பறந்தது.

கன்னுக்கு எதிரே இருப்பது யார் கை? என் கை.

"முனிராஜு, அந்தக் கம்பிய அவுருடா."

"ஏன் ணா?"

"வெரல் தவறிப் பட்டாக்கூட ஆணி கெளம்பிரும்டா. எங்கைதான் முன்னாடி நிக்குது."

"வேகமா போவுதுன்னா ஒனக்கு ஆவாதே ணா" என்று சிரித்தான். "வயித்தெரிச்சலு."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகச் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் லோடு சீட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார், தலை நிமிரவில்லை. "மாதையன், ஒம்ம புகாரக் கேட்டுக் கேட்டு எங்காது புளிச்சிட்டு வே. லோடு போகட்டும், பொறவு பாக்குதேன். போயி பலகையப் பிடியும்" என்றார்.

பிடித்தேன். கையை ஒரு ஜாணுக்கு இரண்டு ஜாணாகத் தள்ளிவைத்துக்கொண்டு, உடம்பை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு பிடித்தேன். பலகை ஆடியது. "செரியா புடி ணா" என்று முனிராஜ் கத்தினான். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நானே கம்பியைக் கழற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் நான் கன்னைத் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஒரு வாஷர் தேய்ந்தால்கூட "மாதையன் கை வெச்சான்" என்பார்கள். யாரிடமும் சொல்லாமல் அடுத்தவன் கருவியில் கை வைக்காதீர்கள், உங்கள் பக்கம் நூறு நியாயம் இருந்தாலும்.

லோடு போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பி மட்டும் அப்படியே இருந்தது.

ஆயுத பூஜை அன்றைக்குப் பட்டறையைக் கழுவி, மாவிலை கட்டி, எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சாமி முன்னால் வைக்கும் எந்தப் பொருளும் வெறுமையாக இருக்கக் கூடாது. ஆணித் தட்டை நிரப்பித்தான் வைப்போம். எண்ணெய்க் குடுவை, பசை டின் எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுவோம். அந்த வழக்கப்படி கன்னிலும் ஆணி நிரப்பி, கம்ப்ரஸரில் காற்று ஏற்றி, ஹோஸை மாட்டி, வாழை இலைமேல் வைத்திருந்தான் முனிராஜ். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. வெறும் கன்னை வைத்திருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். என் சுத்தியல் ஒரு ஓரத்தில் கிடந்தது. பெண்சாதி பாரூரில் இருந்ததால் அதற்கு நானே பொட்டு வைத்துக்கொண்டேன். கன்னுக்குப் பொட்டு வைக்க முனிராஜின் பெண்சாதி கௌரம்மா வந்திருந்தாள். அத்திபெலே பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம். அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது, மறைப்பானேன்.

கௌரம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கன்னின் மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சந்தனம் ஒட்டாது இல்லையா? கன்னைத் தூக்கி மடியில் வைத்தாள். வலது கை கைப்பிடியில், ஒரு விரல் விசைக்குள். இடது கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, மூக்கை உள்ளங்கையால் பொத்தித் துடைக்க ஆரம்பித்தாள். முனிராஜ் அந்தப் பக்கம் திரும்பிக் கம்ப்ரஸருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தான்.

நான் மட்டும்தான் பார்த்தேன். பட்டறையில் வேறு யாருக்கும் அந்த கன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

தம்பி, தங்கைகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். கத்தலாம் என்றுதான் முதலில் வாய் போனது. கத்தினால் அவள் திடுக்கிடுவாள், திடுக்கிட்டால் விரல் இறுகும். பாய்ந்து பிடுங்கினாலும் அதேதான். கம்ப்ரஸர் வால்வை மூடலாம் என்றால் அது எட்ட இருந்தது, மூடினாலும் ஹோஸுக்குள் நிற்கும் காற்றே ஓர் ஆணிக்குப் போதும். கன்னின் வால் பக்கத்தில் ஹோஸ் மாட்டுகிற இடம் அவள் முழங்காலை ஒட்டிக் கிடந்தது. அங்கே கழற்றினால் கன்னுக்குள் இருக்கிற காற்றும் அந்த நொடியே போய்விடும். நான் சாவகாசமாக நடந்தேன். இலையை நகர்த்தி வைப்பவன் போலக் குனிந்து, ஹோஸ் மாட்டுகிற இடத்து வளையத்தைப் பின்னால் இழுத்து ஹோஸைப் பிடுங்கினேன்.

புஸ்ஸென்று காற்று சீறியது. கௌரம்மா அலறிக்கொண்டு துள்ளினாள், விரல் விசையை இறுக்கியது. டக்கென்று ஒரு வெற்றுச் சத்தம், அவ்வளவுதான். சந்தனக் கிண்ணம் உருண்டு போனது.

பாராட்டுவார்கள் என்று நினைக்கிறீர்களா? சாமி படத்துக்கு முன்னால் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதிரில் ஒருத்தி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நடக்காமல் போனது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தது என் பொறாமை ஒன்றுதான்.

முனிராஜ் மாலையை எறிந்துவிட்டு ஓடி வந்தான். "பூஜை அன்னிக்குமா ணா? சாமிக்கு முன்னாடி வெச்ச கன்னு உசுரப் புடுங்கறியே, நீ மனுசனா?"

"கண்ணு வெச்சுட்டான்யா" என்று யாரோ சொன்னார்கள். சூப்பர்வைசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் என் கணக்கை இன்றோடு முடித்துவிடும் முடிவு இருந்தது. என் வேலை போகப் போகிறது என்று புரிந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. நான் வெளியே போய்விட்டால் இந்த ஹோஸை மறுபடி மாட்டிவிடுவார்கள். கம்பியும் அப்படியே இருக்கும், கன் அவள் மடியிலேயே இருக்கும்.

"அவளைக் காப்பாத்தத்தான் செஞ்சேன், எனக்குப் பொறாமை எல்லாம் இல்ல" என்று சொல்லலாம் என நினைத்தேன். யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன். அதனால் அந்தப் பொறாமையையே முதலில் எடுத்துப் போட்டேன்.

"ஆமாய்யா, எனக்கு வயிறு எரியுது" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. "இவன் கையில கன்னப் பாத்த நாள்ல இருந்து எரியுது. இன்னிக்கும் எரியுது, நாளைக்கும் எரியும். அதுல ஒண்ணும் பொய் இல்ல. ஆனா அந்த மூக்குல கம்பி சுத்தினது என் வயிறு இல்ல. எம்பேச்ச நம்ப வேணாம். முனிராஜு, நீயே ஹோஸ மாட்டு. திஷ்டி கழிக்க வெச்சிருக்கற பூசணிக்காயக் கொண்டுபோயி அந்தப் பலகை அடுக்க ஒட்டி, முன்னாடி வையி. மரத்துல அழுத்தாத, காயத் தொடாத. எட்ட நின்னு விசைய மட்டும் இழு. ஒண்ணும் ஆவலன்னா நானே இப்பவே பாரூர் பஸ் ஏறிடறன்."

சூப்பர்வைசர் முனிராஜைப் பார்த்தார். மூக்கை மரத்தில் வைக்காமல் சுட்டுப் பார்க்க அவனுக்கு அதுவரை வேலையே வந்ததில்லை. கம்பி சுற்றியது அழுத்துகிற சிரமத்துக்காக, அதற்கு மேல் அவன் யோசித்ததில்லை. எல்லாரையும் பின்னால் நிறுத்தினார்கள். ஹோஸை மாட்டினான், கையை நீட்டினான், விசையை இழுத்தான்.

பட்டென்று சத்தம். பூசணிக்காய் அசைந்தது. ஆணி உள்ளே போய், பின்பக்கத் தோலைக் கிழித்துக்கொண்டு பலகையில் குத்தி நின்றது. ஓட்டையிலிருந்து சாறு வழிந்தது. கௌரம்மா தன் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். முந்தானை இன்னும் அதில் சுற்றியே இருந்தது.

சூப்பர்வைசர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன் வே, இத முன்னாலயே சொல்லக் கூடாதா?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முனிராஜ் தானாகவே ஹோஸைக் கழற்றினான். அவசரமாக இழுத்ததில் கம்பி முடிச்சு இன்னும் இறுகிக்கொண்டது. கௌரம்மா அதைப் பிடுங்கி நகத்தால் அவிழ்த்து, சுற்று சுற்றாகப் பிரித்து வெளியே எறிந்தாள். அப்புறம் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்ததில் அந்த நாக்கு பழையபடி வந்து போனது. வாரம் முழுக்க எங்களை உயிரோடு விளையாட வைத்தது ஒரு துணி மண்ணெண்ணெயில் தீர்கிற பிரச்சினை.

அன்றைக்கே இரண்டு முடிவு ஆயிற்று. சாமி முன்னால் வைத்தாலும் கன்னில் ஆணியும் இருக்கக் கூடாது, காற்றும் இருக்கக் கூடாது. நிறைவுக்கு வேண்டுமானால் பக்கத்தில் ஒரு தட்டு ஆணி வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, பலகை பிடிக்கிறவனுக்குப் பயம் வந்தால் யாரையும் கேட்காமல் ஹோஸைக் கழற்றலாம், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. நீங்கள் சேரும் இடத்தில் இந்த வழக்கம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு யார்மேலாவது எரிச்சல் இருக்கும்போது அவர்களைப் பற்றி ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டிவந்தால், எரிச்சலை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள். அப்புறம் பொருளைக் காட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு கன் என் கைக்கு வரும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொரியும் சுண்டலும் கொடுக்கும்வரை சூப்பர்வைசர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கன்னு முனிராஜுகிட்டயே இருக்கட்டும், இனிமே ஒழுங்கா இருப்பான்" என்றார் அவர். அந்தச் சுண்டல் எனக்கு இறங்கவே இல்லை.

ஓரமாக உட்கார்ந்திருந்த என்னிடம் கௌரம்மா வந்தாள். எனக்கு நன்றி சொல்வாள், அல்லது புருஷனுக்காக மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் என் இலையில் இன்னொரு பிடி பொரியை வைத்தாள்.

"அண்ணா, ஒனக்கு இன்னும் வயிறு எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுது தாயி" என்றேன்.

"எரியட்டும் அண்ணா. அது அணையவே வேணாம். நீ அவரு மேலருந்து கண்ண எடுக்காத."

நான் எடுக்கவில்லை. முனிராஜ் பத்து விரலோடு ஓய்வு பெற்றான்.